ஒரே குரலில் ஆறு ரஷ்யப் படங்கள்

ஒரு படத்தில் வருகிற ஆண், பெண், குழந்தை, கிழவர், பின்னால் நின்று கத்துகிற கூட்டம் எல்லாருக்குமாக ஒரே ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதும் ஒரு தொழில்தான் என்றால் நம்பமாட்டீர்கள். என் மனைவியே இன்னும் நம்பவில்லை.

சோவியத் யூனியன் என்று ஒரு நாடு இருந்த காலத்தில், புலமைப்பரிசில் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து மாஸ்கோவுக்கு எந்திரவியல் படிக்கப் போனவர்களில் நானும் ஒருவன். அங்கே வெளிநாட்டுப் படங்கள் எல்லாவற்றையும் டப்பிங் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். பின்வரிசையில் ஒருவர் மைக்கோடு உட்கார்ந்து, படம் ஓட ஓட, எல்லாப் பாத்திரங்களுக்கும் தானே ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டு போவார். எங்கள் கல்லூரி மண்டபத்தில் அந்த வேலையைச் செய்தவர் லூத்மீலா என்ற அம்மையார். இந்தியப் படம் என்றால் அங்கே சனம் வாசல் கதவைப் பிடுங்கிக்கொண்டு வரும். ஒருநாள் வந்த பெட்டியில் இருந்தது தமிழ்ப் படம். அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. விடுதிக்கு ஆள் அனுப்பி என்னைப் பிடித்துக்கொண்டு போனார்.

"நடிக்காதே, ஒரு சொல்லும் கூட்டாதே, ஒரு சொல்லும் குறைக்காதே" என்பதுதான் அவர் சொல்லித்தந்த மொத்தப் பாடமும். அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். ஊமைப்படக் காலத்தில் அந்த நாட்டுப் படக்காரர்கள் ஒரு பரிசோதனை செய்து பார்த்தார்களாம். அசையாத ஒரு முகத்துக்கு அடுத்ததாக ஒரு கோப்பை சூப்பைக் காட்டியபோது, பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசி தெரிகிறது என்றார்கள். அதே முகத்துக்கு அடுத்ததாகச் சவப்பெட்டியைக் காட்டியபோது துக்கம் தெரிகிறது என்றார்கள். முகம் மாறவேயில்லை. உன் குரலும் அந்த முகம்போல இருக்கட்டும், மிச்சத்தைச் சனம் பார்த்துக்கொள்ளும் என்றார்.

பிறகு லண்டன். இங்கே என் மாஸ்கோப் பட்டத்தை ஒருவரும் சட்டை செய்யவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக பஸ் டிப்போவில் எஞ்சின் திருத்துகிறேன். எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழியை நான் பேசுவது குளிக்கும்போது மட்டும். அது எனக்குப் பெரிய மனக்குறை. அதனால்தான் மனோர் பார்க்கில் எங்கள் ஆட்கள் நடத்தும் மண்டபத்தில், மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பழைய சோவியத் படங்களைத் தமிழில் பேசிக் காட்டுகிறேன் என்று போய்க் கேட்டேன். செயலாளர் சிவபாலன் அண்ணை ஆறு மாதம் தந்தார். ஆறாவது படத்துக்கு இருபது பேராவது கடைசிவரை கதிரையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சனிக்கிழமை கரோக்கே வகுப்புக்குப் போய்விடும். சொந்தக்காரர் யாரிடமாவது "நல்ல படம், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்" என்று சொல்லி அனுபவப்பட்டவராக நீங்கள் இருந்தால், இனி வருவதைப் படிக்கவே தேவையில்லை. நீங்கள் நம்ம ஆள்.

ஊமைப்படத்துக்கு ஒரு வாய்

வரலாற்று ஒழுங்கில் போகவேண்டும் என்ற முட்டாள்தனமான ஆசையில், முதல் படமாக ஓர் ஊமைப்படத்தைப் போட்டேன். ஆலை ஒன்றில் வேலைநிறுத்தம். சக்கரம், கைமுட்டி, முதலாளியின் வயிறு, மறுபடியும் சக்கரம் என்று கண் இமைக்க நேரமில்லாமல் வெட்டி வெட்டி ஒட்டியிருப்பார்கள். உலகத்தில் பாதிப்பேர் படம் வெட்டக் கற்றுக்கொண்டது இந்த மனிதர்களிடமிருந்துதான். என் வேலை, இடையிடையே வருகிற எழுத்து அட்டைகளைத் தமிழில் வாசிப்பது. மற்ற நேரமெல்லாம் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். சிவபாலன் அண்ணை இருட்டில் தடவித் தடவி என்னிடம் வந்தார். மைக்கை எடுத்து ஊதிப் பார்த்தார். அது ஊமைப்படம், அவர்களுக்குக் குரல் இல்லை என்று காதுக்குள் சொன்னேன். திரையில் ஒரு தொழிலாளி வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தான். அவர் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உதிலை எல்லாரும் வாயை அசைக்கினம், நீர் ஒருத்தர்தான் சும்மா இருக்கிறீர். மைக்குக்குப் புதுப் பற்றரி போட்டுத் தந்தது இதுக்கே காணும்?"

டிராக்டரில் வந்த காதல்

அடுத்தது பாட்டும் கூத்துமான படம். கூட்டுப்பண்ணைகளில் எல்லாரும் சிரித்துக்கொண்டே அறுவடை செய்த படங்கள் ஒரு காலத்தில் அங்கே வரிசையாக வந்தன. கோதுமை இடுப்பளவு நிற்கும். பசுக்கள்கூட மகிழ்ச்சியாக இருக்கும். உண்மையில் அந்த ஊர்களில் அப்போது சாப்பாடே இருக்கவில்லை என்பதை நான் அறிமுகத்தில் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை, தேத்தண்ணி வந்துவிட்டது.

டிராக்டர் ஓட்டுகிறவன் பால் கறக்கிற பெண்ணிடம் காதலைச் சொல்லும் இடம். அவனுடைய வசனத்தையும் நானே பேசினேன், அவளுடைய வசனத்தையும் நானே பேசினேன். லூத்மீலா சொன்னபடி ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "உன்னை எனக்குப் பிடிக்கும். எனக்கும் உன்னைப் பிடிக்கும். அப்படியானால் கலியாணம் செய்வோம். சரி." முன்வரிசையில் பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். படம் முடிந்ததும் அதில் ஒரு அம்மா, என்மேல் உண்மையான அக்கறையோடு, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, அந்தப் பிள்ளை கண்ணாலை தண்ணி ஓட ஓட ஓம் எண்டுறாள், நீர் அடுத்த பஸ் ஏழு நிமிசத்திலை வரும் எண்டு அறிவிக்கிற மாதிரிச் சொல்லுறீர்."

யார் சாகிறார்கள்?

பிலோமினா அக்கா மன்னார்க்காரி. வடக்கு லண்டன் எட்மண்டனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கூடவே அவருடைய மாதா கோயில் பங்கைச் சேர்ந்த மூன்று பெண்கள். அக்கா வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பார். கோட்டைக் கழற்றமாட்டார். படம் தொடங்குமுன் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதிலை ஆர் சாகினம்?" ஊமைப்படத்தில் ஒரு தொழிலாளி என்றேன், அந்த இடம் வருமுன் எழுந்து போய்விட்டார். டிராக்டர்ப் படத்தில் யாருமில்லை என்றேன், கடைசிவரை இருந்தார். மூன்றாவதாகப் போட்டது போர்ப் படம். "அஞ்சு பேர்" என்றேன், நேர்மையாக. தொப்பியைப் போட்டுக்கொண்டு எழும்பினார். கூட வந்த மூன்று பேரும் எழும்பினார்கள். அவர் எழும்பினால் அவர்களும் எழும்புவார்கள், அது அந்தக் குழுவின் வழக்கம்.

எனக்கு ஆத்திரம் வந்தது. நீங்களே சொல்லுங்கள், சாவே இல்லாத சோவியத் படத்துக்கு நான் எங்கே போவேன்? வீட்டுக்கு வீடு போரில் ஆளைப் பறிகொடுத்த நாடு அது. வெற்றி முழக்கம் ஓய்ந்த பிறகு அவர்கள் எடுத்த நல்ல போர்ப் படங்களில் பீரங்கியைவிட, திரும்பி வராதவனுக்காகப் போட்டு வைத்த சாப்பாட்டுத் தட்டுத்தான் அதிகம் வரும். சிறுவர்களுக்கு எடுத்த மாயக்கதைப் படத்தைத் தேடிப் பார்த்தேன், அதில்கூட ஒரு பிள்ளையைப் பனிக்காட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். இதையெல்லாம் பஸ் தரிப்பிடம்வரை பின்னால் நடந்துபோய் அக்காவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சாவில்லாத படமெண்டால் சொல்லும், வாறன். சாவைப் பாக்கிறதுக்கு நான் ரெண்டு பஸ் ஏறி வரவேணுமே, தம்பி?"

முதல் பாகம்

சோவியத்தில் நீளமான படங்களை இரண்டு பாகமாக எடுத்து, ஒரே டிக்கெட்டில் காட்டுவார்கள். முதல் பாகம் முடிந்ததும் திரையில் அட்டை விழும். சனம் வெளியே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டாம் பாகத்தைப் பார்க்கும். நாலாவது படத்தை நானும் அப்படியே காட்ட நினைத்தேன். முதல் பாகம் முடிந்தது, இரண்டாம் பாகம் பதினைந்து நிமிடத்தில் என்று மைக்கில் தெளிவாகச் சொல்லி, விளக்கைப் போட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போனேன். பிழை அங்கேதான். நம்முடைய ஆட்களுக்கு மண்டபத்தில் விளக்கு எரிந்து ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்தால் விழா முடிந்தது என்று பொருள். பிறகு கை தானாகவே கதிரையை அடுக்கப் போய்விடும். பிறந்தநாள், அரங்கேற்றம், செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, எதுவானாலும் அப்படித்தான்.

நான் திரும்பி வந்தபோது கதிரைகள் சுவரோடு அடுக்கப்பட்டிருந்தன. நிலம் கூட்டியிருந்தது. குப்பைப் பையின் வாயைக்கூடக் கட்டிவிட்டார்கள். சிவபாலன் அண்ணை சாவியோடு வாசலில் நின்றார். படத்தின் பாதிதான் ஓடியிருக்கிறது, இனிமேல்தான் போர் தொடங்கும், கதாநாயகி காதலனைத் தேடிச் சைபீரியாவரை போவாள் என்று மன்றாடினேன். மனிதர் சாவியை எடுத்துப் பூட்டுக்குள் விட்டார்.

"படம் நல்லாத்தானே முடிஞ்சது, ரெண்டு பேரும் சேர்ந்திட்டினம். நீர் ஏன், ஐசே, திரும்பப் போட்டு அதுகளைப் பிரிக்கப் பாக்கிறீர்?"

இது மழை

ஐந்தாவது படத்துக்கு கார்த்திக் வந்தான். கோயம்புத்தூர்ப் பையன். ஐடி வேலை. வெஸ்ட் ஈலிங்கிலிருந்து எலிசபெத் லைன் ரயில் பிடித்து லண்டனைக் குறுக்கே கடந்து வந்திருந்தான். சோவியத் சினிமாவை என்னைவிடக் கரைத்துக் குடித்தவன். எந்தப் படத்தைத் தணிக்கைக்காரர்கள் எத்தனை வருடம் பெட்டிக்குள் பூட்டி வைத்தார்கள் என்பது அவனுக்கு விரல் நுனியில் இருந்தது. அப்படிப் பூட்டி வைத்திருந்த படம் ஒன்றைத்தான் அன்றைக்குப் போட்டேன். கூரை ஒழுகும் ஒரு வீடு. நிலத்தில் ஒரு வாளி. வாளிக்குள் மழை சொட்டுகிறது. ஏழு நிமிடம் வேறு ஒன்றுமில்லை. காமெரா மூச்சு விடுகிற வேகத்தில் வாளியை நோக்கிப் போகும். கடைசியில் வாளித் தண்ணீரில் ஒரு முகம் தெரியும். அதற்காகத்தான் அந்த ஏழு நிமிடமும்.

இரண்டாவது நிமிடத்தில் கதிரைகள் கிறீச்சிட்டன. மூன்றாவதில், "நிண்டிட்டுது போல" என்று ஒரு குரல். "என்னவாம்? தம்பி ஏன் பேசேல்லை?" என்று இன்னொரு குரல். என்னால் தாங்கமுடியவில்லை. மைக்கை எடுத்து, "இது மழை" என்றேன். வாழ்நாளில் நான் படத்தில் கூட்டிச் சேர்த்த சொற்கள் அந்த இரண்டும்தான். ஐந்தாவது நிமிடத்தில் சிவபாலன் அண்ணை எழும்பிப் போய், கணினி இறுகிவிட்டது என்று முடிவுசெய்து, ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். படம் முதலிலிருந்து தொடங்கியது. முகத்தை யாருமே பார்க்கவில்லை. எஞ்சியிருந்தவர்கள் பதினொரு பேர். கார்த்திக்கிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அவர் பட்டனை அழுத்தினதைக்கூட நான் மன்னிச்சிடுவேன் சார், 'இது மழை'ன்னு மைக்ல சொன்னீங்க பாருங்க, அதைத்தான் என்னால மன்னிக்கவே முடியல."

இன்றைக்குக் கடிதம் இல்லை

ஆறாவது சனிக்கிழமை. ஒரு மாதம் முழுக்க எல்லாருக்கும் போன் எடுத்தேன். டிப்போவில் என்னோடு வேலை செய்யும் இரண்டு தமிழ்ப் பெடியளைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். கார்த்திக் கோபத்தோடு வந்தான். தலையை எண்ணினால் இருபத்திரண்டு. அதில் பிலோமினா அக்காவின் குழு நாலு பேர். அவர்கள் எழும்பிப் போனால் பதினெட்டு. கணக்கு அவ்வளவுதான். அக்கா வழக்கமான கேள்வியோடு வந்து நின்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "படத்திலை ஒருத்தரும் சாகிறதைக் காட்டேல்லை அக்கா" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அதைவிடக் கேவலமானது. படம் ஒரு கிராமத்துத் தபால்காரியைப் பற்றியது. போர்க்களத்திலிருந்து வரும் சாவுச் செய்திகளை வீடு வீடாகக் கொடுப்பது அவள் வேலை. ஒரு செய்தியை மட்டும் கொடுக்க மனமில்லாமல் பைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். அந்த வீட்டுத் தாய் மகனுடைய கடிதத்துக்காக நாளும் வேலிப் படலையில் நிற்கிறாள். "இன்றைக்குக் கடிதம் இல்லை" என்று சொல்லிவிட்டு இவள் போகிறாள்.

படம் தொடங்குமுன் தேத்தண்ணி மேசையில் அக்காவோடு வந்த ஒருத்தி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அக்காவின் தம்பி போர்க்காலத்தில் மன்னார்க் கடலுக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். ஆளும் வரவில்லை, ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. ஆறு மாதம் அந்த மனுசியின் கேள்வியைப் பற்றி வீட்டில் போய்ப் பகிடி விட்டவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நேரத்திலேயே படத்தை நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. எனக்கு இருபது பேர் வேண்டியிருந்தது.

விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டேன். "இன்றைக்குக் கடிதம் இல்லை." முதல் தடவை சொன்னபோது அக்கா அசையவில்லை. இரண்டாவது தடவை கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். மூன்றாவது தடவை, எழும்பப்போகிறவர்போல முன்கதிரையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பெண்களும் அவரைப் பார்த்தார்கள். கடைசியில் அந்தத் தாய் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "உன் பையைத் திற" என்கிறாள். தபால்காரி திறக்கிறாள். காகிதத்தை எடுத்து வாசிக்கத் தொடங்குகிறாள். நாலே வரி. அந்த நாலு வரியின் தமிழை ஒரு கிழமையாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அக்கா திரையைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மைக்கை நிறுத்திவிட்டேன். நாலு வரியும் ரஷ்ய மொழியில் மட்டும் போயின. அதற்குப் பிறகு வந்த எதையும் நான் பேசவில்லை. மண்டபத்தில் ஒரு கதிரை அசையவில்லை. விளக்கைப் போட்டு எண்ணினேன். இருபத்திரண்டு. கார்த்திக் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். கதிரை அடுக்கக்கூட ஒருவரும் எழும்பவில்லை.

சிவபாலன் அண்ணையும் எண்ணினார், இரண்டு தரம். "சரி, சனிக்கிழமை உமக்குத்தான். ஆனால் மைக்கைக் கரோக்கே ஆக்களுக்குக் குடுக்கிறன், ஆறு மாசத்திலை நீர் ஒழுங்காச் செய்தது இண்டைக்குக் கடைசியிலை வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்" என்றார். ஊமைப்படத்துக்குப் பேசச் சொன்ன அதே மனிதர்! பதில் சொல்லத் திரும்பினேன். பிலோமினா அக்கா தொப்பியைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தக் கடுதாசியை நீர் வாசிக்கேல்லைத்தானே, அப்ப அந்தப் பெடியன் சாகேல்லை. அடுத்த மாசமும் வாறன், தம்பி."

ஒரு சொல்லும் குறைக்கக்கூடாது என்று மாஸ்கோவில் கற்றுக்கொண்டு வந்த தொழிலில், லண்டனில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது நான் பேசாமல் விட்ட அந்த நாலு வரிதான்.